உள்ளேபோயும் நான் வளர்ந்த கதையும்

காஞ்சிபுரத்தில் ஒரு காலத்தில் யாரும் தனியாக மாத்திரை விழுங்கியதே கிடையாது. அந்த மாத்திரையோடு சேர்ந்து தொண்டைக்குள் இறங்கி, இரைப்பையில் ஒரு சுற்று சுற்றி, குடல் வழியாக ரத்தத்தில் ஏறி, ஈரல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வர ஓர் ஆள் இருந்தார். காஞ்சிபுரம் முழுக்க என்பது கொஞ்சம் அதிகம்தான். சின்ன காஞ்சிபுரத்தில், எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் வாங்கியவர்கள் என்று திருத்திக்கொள்கிறேன். அவ்வளவுக்குக் கீழே இறங்கமாட்டேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. மாத்திரையைக் கையில் எடுத்ததும் கொடுக்கமாட்டார். இரண்டு விரலால் பிடித்துக் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டி, "இது உள்ள போய் இன்னா பண்ணும் தெரியுமா?" என்பார். அதனால் அவர் பெயர் உள்ளேபோய். முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்தக் கடையில் அவர் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற ஆள். அவ்வளவுதான் வேலை. ஆனால் மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்கள் பாருங்கள், எறும்பு வரிசை போல எழுத்து இருக்குமே, அதை நாமெல்லாம் தூக்கி எறிவோம். அவர் எறியமாட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் தயிர்சாதம், ஒரு கையில் அந்தக் காகிதம். புரியாத வார்த்தைக்கு அகராதி, அதிலும் இல்லாவிட்டால் போன். இருபது வருஷம் அப்படிப் படித்தவர். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தயிர்சாதம் செரிக்காது.

ஒருமுறை பூக்கார அம்மா ஒருத்தி தலைவலி என்று வந்தாள். வலி எங்கே பிறக்கிறது, மாத்திரை அதை எந்தச் சந்தில் மடக்கிப் பிடிக்கிறது என்று இவர் ஆரம்பித்தார். முடிக்கும்போது அந்த அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "வலி பூட்ச்சிபா. மாத்திரை வேணாம்" என்று போய்விட்டாள். முதலாளி அன்று முழுக்க இவரோடு பேசவில்லை.

இன்னொரு நாள் ஒருவர் கடை வாசலில் ஒற்றைக் காலில் நின்று நெளிந்துகொண்டிருந்தார். வயிற்றுப்போக்கு. உள்ளேபோய் நிதானமாக மாத்திரையைத் தூக்கிக் காட்டி, "இப்ப உன் கொடலு இன்னா பண்ணிக்கினு இருக்குது தெரியுமா?" என்றார்.

"தெரியும்யா! எனக்குத் தெரியாம வேற எவனுக்குய்யா தெரியும்! குடுய்யா!" என்று பிடுங்கிக்கொண்டு ஓடினார் அந்த மனிதர்.

உள்ளேபோய்க்குக் கோபமே வராது. ஒருவர் பாதியில் ஓடிவிட்டால் மீதியை அடுத்து வருகிறவரிடம் சொல்வார். இருமலுக்கு மருந்து வாங்கப் போய், யாருடைய மூலத்துக்கோ பின்பாதி வைத்தியத்தைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர்.

சொல்வதோடு நின்றாலும் பரவாயில்லை, படமும் போடுவார். மாத்திரை போட்டுத் தரும் பழுப்புக் காகித உறையில் பேனாவால் குடல், ஈரல், இதயம் எல்லாம் வரைந்து அம்புக்குறி போட்டுத்தான் தருவார். பட்டு நெய்கிற எனக்குத் தறி கொடுத்திருந்த பெரிய நெசவுக்காரர் ஒருமுறை அப்படி ஓர் உறையைப் பார்த்துவிட்டார். அவர் கண்ணுக்கு அது சேலையில் போடுகிற மாங்காய் புட்டா, எதிரெதிராக இரண்டு. "நல்லா கீதேபா, புதுசா வளச்சிருக்கான்" என்று டிசைன் போடுகிறவரிடம் கொடுத்து, தறியில் மாட்டும் டிசைன் அட்டை அடிக்கவைத்துவிட்டார். நெய்தவன் நான்தான். சேலை போய்ச் சேர்ந்த பிறகு உள்ளேபோய் சொன்னார், அது சிறுநீரகம் என்று. எங்கேயோ ஒரு மணப்பெண் முந்தானை முழுக்கச் சிறுநீரகத்தோடு தாலி கட்டிக்கொண்டிருக்கிறாள். நன்றாக இருக்கட்டும்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் நான் தப்பித்துவிடுவேன். ஆனால் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. அது என் சங்கதி. எழுதும்போதே முகம் சுடுகிறது.

நான் குள்ளம். கொஞ்சம் குள்ளம் என்று என் மனைவி சரோஜா சொல்வாள், அது அவளுடைய நல்ல குணம். குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவனுக்கு உயரம் எதற்கு? பாதி உடம்பு பள்ளத்துக்குள்ளேதான் இருக்கும். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் எனக்கு அது பிரச்சினை. ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் பல்லக்கில் வெளியே வரும் நாள்.

பல்லக்குத் தண்டுக்குத் தோள் கொடுக்கிறவர்களை உயரம் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். ஒருவன் குட்டையாகப் போனால் சாமி சாய்ந்துவிடும். அதனால் இருபது வருஷமாக என் வேலை தாங்குகட்டை தூக்குவது. நுனியில் கவட்டை வைத்த கட்டை அது. பல்லக்கை நிறுத்தும்போது தண்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். கிளம்பும்போது உருவிக்கொண்டு பக்கத்தில் ஓட வேண்டும். ஒரு வருஷம் ஆள் குறைந்தது என்று என்னையும் தண்டுக்கு அடியில் நிறுத்தினார்கள். தண்டு எழுந்தது. என் தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு சாண். நான் கையை மேலே தூக்கித் தண்டைத் தொட்டபடி நடந்தேன்.

"இன்னாபா, நம்ம ஆளு சாமியத் தூக்கறாரா, சாமி இவரத் தூக்கினு போவுதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். என் மச்சான் ஏகாம்பரம்தான், சரோஜாவின் தம்பி. தெருவே சிரித்தது. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கூச்சப்படுகிறவனுக்கு வேறு வழி இல்லை.

போன தை மாதம் சரோஜாவுக்கு முட்டிவலித் தைலம் வாங்கக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் கை இல்லாத பனியன் போட்ட ஒருவர் நின்றிருந்தார். ஏனாத்தூர்ப் பக்கம் ஜிம் வைத்திருக்கிற மாஸ்டர். போனில் எதையோ காட்டி, "இந்தக் கேப்ஸ்யூல் உங்ககிட்ட கெடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நீளமான இங்கிலீஷ் பெயர். நான் ஐந்தாவதோடு நின்றவன், அது எனக்குப் பிடிபடவில்லை.

"நம்ம கடையில கெடையாது" என்றார் உள்ளேபோய். சொல்லிவிட்டு விடுவாரா? முகம் மலர்ந்துவிட்டது. "ஆனா அது உள்ள போய் இன்னா பண்ணும் தெரியுமா மாஸ்டர்? வளர்ச்சி ஹார்மோன் இருக்குது பாரு, அத்த அப்படியே முழுங்கினா பிரயோஜனம் இல்ல. அது புரதம். வயிறு அத்தயும் இட்லியாட்டம் செரிச்சி வுட்டுடும். அதனாலதான் ஊசி. ஆனா இது ஹார்மோன் இல்ல. ரொம்பப் பொடிசான சாமான். செரிக்காம தப்பிச்சி ரத்தத்துல ஏறிடும்."

"ஏறி?"

"நமக்குப் பசிச்சா வயிறு மூளைக்கு ஒரு ஆள அனுப்பும், சோறு வேணும்னு சொல்றதுக்கு. இந்த மருந்து அந்த ஆளோட சட்டையப் போட்டுக்கினு போவும். மூளைக்கு அடியில பட்டாணி சைசுக்கு ஒரு சுரப்பி. அதோட கதவ டொக்கு டொக்குன்னு தட்டும். அதுவும் நம்ம ஆளுதானேன்னு தொறந்துடும். தொறந்தா, உள்ள இருக்கற வளர்ச்சி ஹார்மோன் வெளிய வரும். கொட்டாது. தறியில நாடா ஓடற மாரி, ஒரு அடி, ஒரு நிறுத்தம். அது ஈரலுக்குப் போய் அங்க இன்னொரு ஆள எழுப்பிவுடும். ஒருக்கா முழுங்கினா நாள் முழுக்கத் தட்டிக்கினே இருக்கும்."

பேசிக்கொண்டே உறையில் படம் வரைந்தார். ஒரு பட்டாணி. பட்டாணிக்கு ஒரு கதவு. கதவைத் தட்டும் ஒரு குட்டி மனிதன்.

என் காதில் விழுந்தது ஒரே வார்த்தை. வளர்ச்சி. அங்கே இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் நான் எதற்காகக் கேட்கிறேன் என்பது முகத்தில் தெரிந்துவிடும் என்று தோன்றியது. திரும்பி நடந்துவிட்டேன்.

"அண்ணா! தைலம்! ண்ணா!" என்று பின்னால் கூப்பிட்டார். அப்புறம் அவர் ஜிம் மாஸ்டரிடம் மீதியைச் சொல்லியிருப்பார். அந்த மீதிதான் முக்கியம் என்று எனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் திரும்பப் போய்த் தைலம் வாங்கினேன். அவர் அதே படம் போட்ட உறையிலேயே போட்டுக் கொடுத்தார். வாயைத் திறந்தார். "வேலை இருக்குதுபா" என்று நான் ஓடி வந்துவிட்டேன்.

ஜிம்முக்கு எதிரே ஒரு கரும்புச் சாறு வண்டி. மூன்று சாயங்காலம் அங்கே நின்று சாறு குடித்தேன். நாலாவது நாள் மாஸ்டரே என்னைப் பார்த்து வந்தார்.

"இன்னாண்ணா, டெய்லி வந்து பாத்துக்கினே இருக்கீங்க? ஜாயின் பண்ணணுமா?"

"இல்ல... அந்தக் கேப்சூலு..."

"ஓ! ஒடம்பு ஏத்தணுமா?"

உயரத்துக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. "ஆமா" என்றேன். எங்கிருந்தோ வரவழைத்து வைத்திருந்த ஒரு குப்பியைக் கொடுத்தார். "தெனம் ஒண்ணு போடுங்க. நல்லா சாப்புடுங்க" என்றார்.

நல்லா சாப்பிடு என்று அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். ஐந்தாம் நாளே வயிற்றுக்குள் ஒரு கல்யாண வீடு உட்கார்ந்துவிட்டது. காலையில் ஆறு இட்லி. தறியில் உட்கார்ந்து நாலு விரல்கடை நெய்வதற்குள் மறுபடி பசி. மத்தியானம் சோறு வடித்த பானையைச் சரோஜா இறக்கி வைத்து, மோர் எடுக்க உள்ளே போய் வருவதற்குள் பானையில் கரண்டிச் சத்தம் கேட்கும்.

"எனக்கு?" என்பாள்.

"நீ இன்னும் சாப்புடலையா?" என்பேன்.

"உன் வயித்துல எதுனா பூந்துகினு கீதா? ஓட்டலாண்ட உன்ன கூட்டினு போனா அவங்க கடைய மூடிடுவாங்கபோல!"

கோயில் இட்லி என்று எங்கள் ஊரில் மந்தாரை இலையில் நீளமாக வேகவைத்துத் துண்டு போட்டுத் தருவார்கள். நாலு பேர் வீட்டுக்கு ஒன்று வாங்கினால் போதும். ஒருநாள் நான் ஒருவனாகவே ஒன்றை முடித்துவிட்டு, இலையைத் திருப்பிப் பார்த்தேன். தூக்கமும் அப்படித்தான். படுத்தால் கட்டை. கனவெல்லாம் கலர் கலராக வந்தது. எல்லாவற்றிலும் நான் உயரமாக இருந்தேன்.

தினமும் காலையில் சரோஜா தண்ணீர் பிடிக்கப் போனதும் தறிக்குப் பக்கத்துச் சுவரில் முதுகை ஒட்டி நின்று, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போடுவேன். மூன்று வாரம் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் நாலாவது வாரம் செருப்புக்குள் கால் நுழையவில்லை! மோதிரம் விரலில் இறுகிக்கொண்டது. எனக்குப் புல்லரித்துவிட்டது. கட்டடம் என்றால் அஸ்திவாரத்திலிருந்துதானே எழும்பும்? முதலில் கால் வளர்கிறது, மெல்ல மேலே வரும் என்று கணக்குப் போட்டேன். ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கினேன். கடையிலிருந்து வீடு வரைக்கும் அந்தச் செருப்பில் நிமிர்ந்து நடந்து வந்ததை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அப்புறம் கை மரத்தது. பாவில் ஓர் இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தேடிப் பிணைக்கிறவன் நான். இப்போது இழை விரலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. முகூர்த்தச் சேலை ஒன்று தறியில் பாதியில் நின்றது. தண்ணீர்த் தாகம் வேறு. குடித்துக்கொண்டே இருந்தேன், எழுந்து போய்க்கொண்டே இருந்தேன். மாசி கடைசியில் ஒரு காலை, குழியிலிருந்து எழுந்தவன் அப்படியே பாவின் மேல் சாய்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரையைப் பார்த்த டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன மருந்து சாப்பிடறீங்க?"

நான் கூரையைப் பார்த்தேன். அதற்குள் சரோஜா வீட்டுக்கு ஆள் அனுப்பித் தேட வைத்துவிட்டாள். நூல்கண்டுப் பெட்டிக்கு அடியில் இருந்தது குப்பி. நான் அதைச் சுற்றி வைத்திருந்தது ஒரு பழுப்பு உறையில். பட்டாணி, கதவு, கதவைத் தட்டும் குட்டி மனிதன். அந்தப் படத்தை எங்கள் தெருவில் வேறு யார் வரைவார்கள்?

"மாமா, உள்ளேபோய்தான் குடுத்தானா?" என்று கேட்டான் ஏகாம்பரம்.

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பின்னே யார், எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்ற கேள்விக்கு அத்தனை பேர் நடுவில், டாக்டரம்மா முன்னால், என்ன பதில் சொல்வது? நான் தலையை அசைத்தேன். ஆமாம் என்று அசைக்கவில்லை. இல்லை என்றும் அசைக்கவில்லை. எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி ஓர் அசைப்பு. அதைவிடக் கேவலமாக என் உடம்பு எதையும் செய்ததில்லை.

ஏகாம்பரம் குப்பியோடும் உறையோடும் கடைக்குப் போனான். நான் அங்கே இல்லை, கேள்விப்பட்டதைச் சொல்கிறேன். கடை வாசலில் கூட்டம் கூடியிருக்கிறது.

"யோவ் உள்ளேபோய்! கண்டதயும் குடுத்து எங்க மாமாவ சாவடிக்கப் பாத்தியா? இது உன் படம்தானே?"

உள்ளேபோய் உறையைப் பார்த்தார். "என் படம்தான்" என்றார். குப்பியை வாங்கி அந்தப் பொடி எழுத்தைப் படித்தார். முகம் மாறிவிட்டதாம். "எத்தினி நாளா முழுங்கறாரு? கால் வீங்கிக்கீதா? கை மரத்துப்போதா? சர்க்கர பாத்தாங்களா?"

எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறானே, இவன்தான் கொடுத்திருக்கிறான் என்று கூட்டம் முடிவு கட்டிவிட்டது. அவர் மறுப்பதை விட்டுவிட்டு, எத்தனை நாளாக விழுங்குகிறேன் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டாராம். முதலாளி அன்று மத்தியானமே அவரை அனுப்பிவிட்டார். சாப்பாட்டுத் தூக்கு, அகராதி, இரண்டையும் எடுத்துக்கொண்டு போனாராம்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். அன்றே அவர் என்னைப் பார்க்க வந்தார். நான் போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டேன். சரோஜா வாசலை மறித்து நின்றாள்.

"இன்னும் இன்னாத்துக்கு வந்த?"

"காலப் பாத்துட்டுப் பூட்றேன்மா."

உள்ளே வந்து என் கணுக்காலில் கட்டை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது. அது மெல்ல நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வளரலண்ணா. தண்ணி கோத்துக்கினு கீது" என்றார். சரோஜா உள்ளே போகிற வரைக்கும் காத்திருந்து, குனிந்து கேட்டார். "இன்னாத்துக்குண்ணா சாப்ட்ட?"

"ஒசரத்துக்கு" என்றேன் போர்வைக்குள்ளிருந்து.

சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. மீதியைச் சொன்னார். வழக்கமான குரலில் இல்லை, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எலும்பின் ஓரத்தில் வளர்வதற்கென்று ஓர் இடம் இருக்கிறதாம். வாலிபம் முடியும்போதே அது மூடிக்கொள்ளுமாம். அப்புறம் எவ்வளவு ஹார்மோன் வந்தாலும் எலும்பு நீளாது. பசிக்கும் ஆளின் சட்டையைப் போட்டுக்கொண்டு போவதால் பசி பிய்த்துக்கொள்ளும். உடம்பில் நீர் கோத்துக் கைநரம்பை நசுக்கும். சர்க்கரை எகிறும். எந்த டாக்டரும் எழுதித் தருகிற மருந்தே கிடையாது, இன்னும் பரிசோதனையிலேயே இருக்கிற சாமான்.

"கைக்கு ஒண்ணும் ஆவாதுண்ணா. நிறுத்திட்ட இல்ல, வீக்கம் எறங்கினா மரப்பும் பூடும்" என்றார்.

"நான் கடைக்கு வந்து சொல்லிடறேன்பா" என்றேன்.

"சொன்னா இன்னாத்துக்கு சாப்ட்டன்னு கேப்பாங்க. இந்தத் தெரு சும்மா வுடுமா உன்ன? வுடுண்ணா. நான் எங்கனா பொழச்சிக்கறேன்."

அவர் பெரிய மனசோடு சொன்னார். நான் அதைச் சின்ன மனசோடு எடுத்துக்கொண்டேன்.

சொல்லக் கூடாது என்று நினைத்ததில்லை. கால் வீக்கம் வடிந்து, விரலுக்கு உணர்ச்சி வந்து, அந்த முகூர்த்தச் சேலையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்த மறுநாளே முதலாளியிடம் உண்மையைச் சொல்லக் கடைக்குப் போனேன். வாயைத் திறக்கும்போது யாரோ ஒருவர் வந்து நின்றார். "உங்களுக்கு இன்னா வேணும்?" என்றார் முதலாளி. வெறுங்கையோடு நிற்க வெட்கமாகி, கண்ணில் பட்டதைக் காட்டினேன். கிரைப் வாட்டர். அடுத்த வாரமும் போனேன். அப்போதும் யாரோ வந்தார்கள். மறுபடி கிரைப் வாட்டர். ஆனி மாதம் முடிவதற்குள் கைக்குழந்தையே இல்லாத எங்கள் வீட்டில் பதினோரு பாட்டில் சேர்ந்துவிட்டது.

"யாருக்குய்யா இதெல்லாம்?" என்று சரோஜா ஒருநாள் சந்தேகத்தோடு கேட்டபோதுதான், இது வேறு திசையில் போகிறது என்று உறைத்தது.

அதற்குள் உள்ளேபோய், பஸ் ஏறிப் போக வேண்டிய தாமல் என்கிற ஊரில் ஒரு சின்ன மருந்துக் கடையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். "கெட்ட மருந்து குடுத்து தொரத்திவுட்ட ஆளு" என்ற பேச்சும் அவர் பின்னாலேயே அங்கே போயிருந்தது. அவர் கொடுக்கிற மாத்திரையை வாங்கச் சிலர் தயங்குகிறார்களாம். அதைக் கேட்ட நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மருந்து கொடுத்த பசியெல்லாம் எங்கே போனதோ.

ஆடி வந்தது. அம்மன் புறப்பட்டாள். முன்தண்டில் வலது பக்கம் மருந்துக் கடை முதலாளி, நல்ல உயரம். இடது பக்கம் ஏகாம்பரம். நான் வழக்கம்போலத் தாங்குகட்டையோடு பக்கத்தில். சாயங்காலம் தெருமுனையில், அந்தக் கடைக்கு நேராக, கற்பூர ஆரத்திக்குப் பல்லக்கை நிறுத்தினார்கள். நான் கட்டையைத் தண்டுக்கு முட்டுக் கொடுத்தேன். ஆரத்தி முடிந்தது. எல்லோரும் தண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள்.

"எடுபா கட்டைய" என்றான் ஏகாம்பரம்.

நான் எடுக்கவில்லை. கட்டையை உருவாமல் பல்லக்கு நகர முடியாது. எங்கள் தெருவில் அது ஒரு முறை. கட்டைக்காரன் உருவித் தரையில் ஒருமுறை தட்டினால்தான் கால் எடுத்து வைப்பார்கள்.

"யோவ் மாமா! தோள் கடுக்குது, எடுய்யா!"

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேளம் வேறு.

"இன்னா?"

"அந்த மாத்திரைய உள்ளேபோய் குடுக்கல!" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து மேளம் நின்றிருந்தது. தெருவே திரும்பியது. "நானாதான் ஏனாத்தூர்ல வாங்கினேன். அவுரு படம் போட்ட கவரு தைலம் வாங்கின கவரு. அவுருக்கு ஒண்ணும் தெரியாது."

"பின்ன இன்னாத்துக்குய்யா சாப்ட்ட?" என்றார் முதலாளி, தோளில் சாமியோடு.

இதுதான். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நாலு மாதம். நான் தண்டைப் பார்த்தேன். "இத்தத் தூக்கணும்னு. ஒசரமாவலாம்னு."

அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள். முன்தண்டுக்காரர்கள் சிரித்ததில் பல்லக்கே குலுங்கியது. குருக்கள் கையில் தட்டோடு திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. கடை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நான் கட்டையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டேன். அன்று நானும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

முதலாளிதான் முதலில் நிறுத்தினார். "அடப்பாவி. நாலு மாசமா இத்த மனசுலயே வெச்சினு இருந்தியா? அவன் பொழப்பு போச்சேய்யா" என்றார். ஏகாம்பரம் தரையைப் பார்த்தான். நான் கட்டையை உருவித் தட்டினேன்.

மறுநாள் முதலாளியும் ஏகாம்பரமும் தாமலுக்குப் போய், கடை வாசலிலேயே எல்லோர் எதிரிலும் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வரச் சொன்னார்கள். உள்ளேபோய் வர மறுத்துவிட்டார். கோபத்தில் இல்லை. அந்தக் கடை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. டவுன் பஸ் வருகிற வரைக்கும் ஜனங்களுக்கு வேறு வேலை இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஈரலையும் குடலையும் ஆதியோடந்தமாகக் கேட்கிறார்களாம். "அங்க எவன் நின்னு கேட்டான்?" என்றாராம்.

என் சர்க்கரை முழுசாக இறங்கவில்லை. மாதா மாதம் மாத்திரை வாங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மருந்துக் கடைக்குப் பஞ்சமில்லை. நான் தாமலுக்குப் போகிறேன். முதல் தடவை போனபோது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் அவர் கத்தினார்.

"ஏண்ணா உனக்கு அறிவு கீதா? தெருவுல நின்னு அப்படியா சொல்லுவாங்க? இப்ப போற வர்றவன்லாம் உன்னக் கிண்டல் பண்ணுவான்!"

தயார் பண்ணி வைத்திருந்த வார்த்தையை விட்டுவிட்டு மாத்திரைச் சீட்டை நீட்டினேன். இன்றுவரை அந்த மன்னிப்பை நான் கேட்கவில்லை. அதுவும் சேர்ந்துதான் இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது பஸ்ஸில் நெரிசல். படியில் ஏறி ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் கடையை விட்டு இறங்கி ஓடி வந்து, ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

"யோவ், அந்தச் சீட்டுல குந்திக்கினு கீற தம்பி! எழுந்துரு! இவரு எங்க அண்ணன். காஞ்சிவரத்துல பட்டு நெய்யறவரு. சர்க்கர கீது. நின்னா கால் வீங்கிடும், கால் வீங்கினா இன்னா ஆவும் தெரியுமா..."

பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. காது மடல் வரைக்கும் சூடாகிவிட்டது. கண்டக்டர் விசில் ஊதினார், வண்டி நகர்ந்தது, அவர் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு கத்தினார். அந்தப் பையன் எழுந்துவிட்டான். நான் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தேன்.

எனக்காக இப்படிக் கூச்சல் போட இந்த உலகத்தில் எனக்கு வேறு ஆள் கிடையாது.